பிடரியில் இறங்கிய ஊசி

மார்ச் 4
ஸ்கூட்டியிலிருந்து விழுந்து ஏழு வாரம் ஆகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, மூளை அதிர்ச்சிதான், ஓய்வெடுங்கள் என்றார்கள். எடுத்தேன். ஆனாலும் சட்டென்று திரும்பினால் கிறுகிறுப்பு. மதியத்துக்குள் பிடரியில் கிளம்பும் தலைவலி வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்று பார்த்த பிசியோ கழுத்தைத்தான் முதலில் தொட்டார். மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை நெஞ்சோடு மடக்கித் திருப்பினார். இடது பக்கம் நன்றாகத் திரும்பியது, வலது பக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது. "அக்கா, தலை ஆடின வேகத்துல கழுத்தும்தானே ஆடியிருக்கும்?" ஏழு வாரமாக யாரும் கேட்காத கேள்வி. கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் முகத்தின் நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால்தான் பிடரியின் வலி கண்ணில் தெரிகிறதாம்.

மார்ச் 7
ட்ரை நீடிலிங். மருந்து கிடையாது. கால் மில்லிமீட்டர் கனத்தில், அக்குபங்சருக்கு எடுக்கிற அதே மாதிரி ஊசி. குத்துவது மட்டும் இறுகிப்போன தசை முடிச்சில்.

தோள் தசையை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பிடித்துக்கொண்டே குத்தினார். கீழே நுரையீரலின் நுனி இருக்கிறது, தவறினால் அதில் பட்டுவிடும். கை பழகியவரிடம் மட்டும்தான் போகவேண்டும். முதலில் எறும்புக்கடி. ஊசியை மெல்ல ஏற்றி இறக்கியதும் தசை வெடுக்கென்று துள்ளியது. உடனே கண்ணுக்குப் பின்னால் அதே வலி! எங்கிருந்து வருகிறது என்று கையில் பிடித்துக் காட்டிய மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன்.

மார்ச் 8
தோள் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. வெந்நீர் ஒத்தடம்.

மார்ச் 15
நெற்றியில் லேசர் விளக்கு, சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி நாற்காலி. கண்ணை மூடித் தலையைத் திருப்பி, பழையபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணைத் திறந்தால் சுவரில் ஒளிப்புள்ளி, கிளம்பிய இடத்திலிருந்து ஒன்பது செ.மீ. தள்ளி நிற்கிறது. ஏழுக்குள் வரவேண்டுமாம். தலை எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதில் பிடரியின் சின்னத் தசைகளுக்கும் பங்கு உண்டு. அவை தப்பாகச் சொன்னால் கிறுகிறுக்காமல் என்ன செய்யும்?

மார்ச் 29
மூன்று தடவையோடு ஊசி போதும் என்றுவிட்டார். சரியாகத்தான் சொன்னார். ஊசி வலியைத் தளர்த்தியது, கழுத்தைப் பழக்கியது லேசர் பயிற்சி. மூளை அதிர்ச்சிக்குப் பிறகும் கிறுகிறுப்பும் தலைவலியும் தீராதவர்களை வைத்து 2014இல் கனடாவின் கால்கரியில் வந்த ஆய்விலும் கொடுத்தது கழுத்துக்கான கைச் சிகிச்சையும் சமநிலைப் பயிற்சியும்தான். எட்டு வாரத்துக்குள் 15 பேரில் 11 பேர் தேறினார்கள், அது கிடைக்காத 14 பேரில் ஒருவர்.

இன்று சிக்னலில் பின்னால் வந்த பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். கிறுகிறுப்பு இல்லை. சுவரில் அந்த ஒளிப்புள்ளி இப்போது ஐந்து செ.மீ.தான் தள்ளி நிற்கிறது.