தேரைக்கு மேலுக்கு முடியவில்லை

மே 5, 2024, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் நேற்றுத் தொடங்கியது. இன்று காலை குளியலறைக் கதவைத் திறந்தால் தேரை தரையில் கிடக்கிறது.

எங்கள் வீட்டுத் தேரை, சுவரேறும் தவளை. இரண்டு மழைக்காலமாகக் குளியலறை ஜன்னல் திட்டில் குடியிருக்கிறது. மகன் வைத்த பெயர் முழியன். பகலெல்லாம் கையையும் காலையும் வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டு, சுண்ணாம்புச் சுவரோடு சுவராக வெளுத்துப்போய் ஒட்டியிருக்கும். இருட்டியதும் பழுப்பாகி, ஜன்னல் வழியே புறவாசலில் இறங்கிவிடும். விடிவதற்குள் திரும்ப வந்து அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கூண்டு கிடையாது, தீனி கிடையாது, வாடகையும் கிடையாது.

பகலில் அது அசையாமல் இருப்பது புதிதில்லை. ஆனால் இது தூக்கம் இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. தண்ணீர் வெளியேறும் அங்கணக்குழிப் பக்கத்தில், ஒரு பின்னங்கால் மடங்காமல் நீட்டியபடி கிடந்தது. நிறம் கருப்பட்டி மாதிரி கறுத்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. விரலைக் கொண்டுபோனால் முகத்திலேயே பாய்கிற பிராணி, தொட்டும் நகரவில்லை. தாடைக்கடியில் எப்போதும் படபடவென்று துடித்துக்கொண்டிருக்கும் தோல், விட்டு விட்டுத் துடித்தது.

அப்பளத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அதை அள்ளி எடுத்தேன். எடுத்த பிறகுதான் அக்கா மகளுக்கு போன் போட்டேன். கால்நடை மருத்துவம் படித்தவள்.

“சித்தி, நான் பாக்கிறதெல்லாம் மாடும் ஆடும்தான்” என்றாள். அப்புறம், “வெறும் கையாலயா தூக்கினீங்க? அதுக்கு முன்னால என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?”

சொன்னேன். உப்பு, அப்பளக்காரம், அதன்மேல் சோப்பு.

“போச்சு போங்க.”

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லையாம். ஈரத்தில் உட்கார்ந்தால் வயிற்றுத் தோலும் தொடைத் தோலும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீரை இழுக்கிற தோல், என் கையில் ஒட்டியிருக்கும் காரத்தையும் இழுக்கும். இனித் தூக்குவதாக இருந்தால் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிய ஈரக் கை. முடிந்தால் தூக்கவே வேண்டாம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்றாள். அதைத் திறந்த ஏனத்தில் ஒரு நாள் வைத்திருந்துதான் பயன்படுத்த வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாது. கிணற்றில் இறைத்து, ஒரு சட்டியில் அதன் தாடைக்குக் கீழே நிற்கிற அளவு ஊற்றி உட்கார வைத்தேன். தலை தொங்கினால் மூழ்கிப்போகும், தவளையாக இருந்தாலும். கால் மணி நேரத்துக்கு ஒருதரம் என்று மூன்று முறை தண்ணீரை மாற்றினேன்.

அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏளா, தேரைய நடுவீட்டுலயா கொண்டாந்து வச்சிருக்க? பிள்ள மேல பாஞ்சா தேறாம போயிரும்.”

கை கால் சூம்பி, வயிறு உப்பிய பிள்ளையை எங்கள் பக்கத்தில் ‘தேரை விழுந்த பிள்ளை’ என்பார்கள். பிள்ளை மெலிந்தது சாப்பாடு போதாமல். பழி தேரைக்கு.

மே 6, திங்கள்

உயிரோடு இருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இடம் மாற்றினேன். பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஊசியைச் சுட்டு மூடி முழுக்க ஓட்டை போட்டேன். அடியில் பழைய வேட்டித் துணியைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து விரித்தேன். வெள்ளைத் துணிதான் வேண்டும், எச்சம் போட்டால் தெரிய வேண்டும் என்று அக்கா மகள் சொல்லியிருந்தாள். பட்டாசலில் மண்பானை வைத்திருக்கும் மூலைதான் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம். டப்பாவைச் சுற்றி ஈரச் சாக்கு. கடிகாரத்தோடு வந்த வெப்பமானி மதியம் 36 காட்டியது. ஈரச் சாக்குக்குள் வைத்தால் 29.

பெருங்காயம் நிறுக்கிற சின்னத் தராசில் டப்பாவோடு நிறுத்துக் கழித்தேன். 12 கிராம். ‘தராசைக் கழுவிட்டு எடு’ என்று அத்தை மூன்று முறை சொன்னாள்.

பிளஸ் டூ முடிவு வந்த நாள். பக்கத்து வீட்டில் மிட்டாய் கொடுத்தார்கள். அவர்களிடம் தேரையைப் பற்றிச் சொல்லவில்லை.

மே 7, செவ்வாய்

நினைக்க நினைக்க எனக்கு ஒரே சந்தேகம்தான். சனிக்கிழமை குளியலறையைக் கழுவியது வேலைக்கு வரும் அக்கா. பிளீச்சிங் பவுடரைக் கை நிறைய அள்ளிப் போடுவது அவள் பழக்கம். இன்று அவள் வந்ததும் கேட்டேன். கேட்டேன் என்று எழுதுகிறேன், சத்தம் போட்டேன் என்பதுதான் உண்மை.

“நான் அதைத் திட்டுல பாத்துட்டுதாம்மா ஜன்னல் பக்கம் பவுடர் போடல” என்றாள். முகம் வாடிவிட்டது.

முழியன் அப்படியே இருக்கிறது. மல்லாக்கப் போட்டால் உடனே புரள்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தாள் அக்கா மகள். ஈர விரலால் திருப்பினேன். நல்ல தவளை கண் இமைக்கும் நேரத்தில் புரண்டுவிடும். இது இருபது எண்ணும் வரை வானம் பார்த்துக் கிடந்தது. அப்புறம் ஒரு காலை உதைத்து, பாதி திரும்பி, ஓய்ந்து, மீதியும் திரும்பியது.

மே 8, புதன்

இவர் இரவு சாப்பிடும்போது திடீரென்று, “வெள்ளிக்கிழம ராத்திரி அங்கணக்குழியில கரப்பான் மருந்து அடிச்சேன்” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மகன்தான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனான்.

“நாலு நாளா ஏன் சொல்லல?”

“அதுனாலதான்னு தோணல.” கொஞ்ச நேரம் கழித்து, “தோணிச்சு” என்றார்.

கரப்பானின் நரம்பைப் பிடிக்கிற மருந்து தேரையின் நரம்பை மட்டும் சும்மா விடுமா என்று கேட்கிறாள் அக்கா மகள். தரையில் கிடந்த மருந்து தோல் வழியாகவும் போயிருக்கலாம். மருந்து பட்டுத் தள்ளாடிய கரப்பானைத் தின்றும் இருக்கலாம். எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான்: சுத்தமான தண்ணீர், இருட்டு, குளிர்ச்சி, தொந்தரவு செய்யாமல் இருப்பது. மெடிக்கலில் உப்புச் சர்க்கரைப் பொடி வாங்கிக் கரைக்கலாமா என்று கேட்டேன். மனிதருக்கான அளவில் கலந்தால் தண்ணீர் உள்ளே போவதற்குப் பதில் வெளியே வந்துவிடும், கை வைக்காதீங்க என்றாள். அத்தையின் மஞ்சள் யோசனைக்கும் அதே பதில்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியாது. நாளுக்கு நாற்பது தரம் டப்பாவைத் திறந்து பார்க்கிறோம். இன்றிலிருந்து காலை ஒருதரம், இரவு ஒருதரம், தண்ணீர் மாற்றும்போது மட்டும்.

மே 9, வியாழன்

வேலைக்கு வரும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்கம்மா” என்றாள். பிறகு டப்பா பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். “பைய பைய சரியாயிரும். எங்க ஊர்ல கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கே சாமி படியளக்கும்பாங்க.”

தொடையின் உள்பக்கமும் வயிறும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். சிவந்தால் கிருமி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், வீட்டு வைத்தியம் உதவாது. டார்ச் அடித்துப் பார்த்தோம். சிவப்பு இல்லை. தொடையின் பின்பக்கம் கரும்பழுப்பு வலைக்கு நடுவே மஞ்சள் பொட்டுகள். இரண்டு வருடமாகக் கூடவே இருந்தும் இதைப் பார்த்ததில்லை. காலை மடக்கியிருக்கும்போது அந்த இடம் தெரியாது. வெள்ளைக்காரன் இதற்கு ‘சுனாம்’ தவளை என்றே பெயர் வைத்திருக்கிறானாம், நம் சுண்ணாம்புதான். சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்து வைத்தது. 1830-இல் கிரே என்பவர் கொடுத்த விஞ்ஞானப் பெயரிலும் பொட்டுதான். மாகுலாட்டஸ் என்றால் பொட்டுள்ளது.

மே 10, வெள்ளி

காலையில் மகன் அலறினான். “அம்மா, முழியனுக்கு வலிப்பு!”

ஓடிப்போய்ப் பார்த்தால் முதுகை வில்லாக வளைத்து, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. கண்கள் உள்ளே போய் வெளியே வருகின்றன. முன்னங்காலால் முகத்தை வழித்து வழித்து வாயில் திணிக்கிறது. எனக்கும் கை நடுங்கியது. வீடியோ எடுத்து அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. சிரிக்கிறாள். “சட்டை உரிக்குது சித்தி. உரிச்சத அதுவே தின்னுரும்.”

மறுபடி போய் உட்கார்ந்தோம். இப்போது பார்த்தால் தெரிகிறது: நூலாம்படை மாதிரி மெல்லிய தோல், விலாவிலிருந்து வாய் ஓரத்துக்கு இழுபட்டுப் போகிறது. பனியனைத் தலைவழியாகக் கழற்றுகிற மாதிரி. கடைசியாகப் பின்னங்கால் விரல்களிலிருந்து காலுறை உருவுவதுபோல் உருவி, அதையும் விழுங்கியது. தோலை உரிக்கும் அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது என்றாள். மருந்து பட்ட தோல் கழன்றதே நல்லது என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

உரித்த பிறகு நிறம் மாறியிருந்தது. கருப்பட்டி போய், பனங்கிழங்கு நிறம்.

மே 12, ஞாயிறு

14 கிராம். மல்லாக்கத் திருப்ப விரலை நீட்டினேன், விடவில்லை, நகர்ந்துவிட்டது. இரவு டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது.

மகன் புறவாசல் விறகுக்கடியிலிருந்து ஒரு சில்வண்டைப் பிடித்து உள்ளே விட்டான். முழியன் பார்க்கக்கூட இல்லை. காலையில் எடுத்துவிட்டோம். தெம்பில்லாத தவளையை வண்டு கடிக்குமாம்.

மே 16, வியாழன்

இரண்டு நாளாகச் சாயங்காலம் மேகம் கட்டிக் கலைந்துகொண்டிருந்தது. இன்று ஆறரை மணிக்குக் கொட்டிவிட்டது. வெளியே பரணில் காய்ந்த அப்பளத்தை எல்லாம் வாரி உள்ளே போட்டதில் எனக்கு இடுப்பு போயிற்று. கரண்டும் போயிற்று.

கரண்ட் வந்தபோது தார்சா டியூப்லைட்டைச் சுற்றி ஈசல். நூறு இருநூறு இல்லை. தரை முழுக்க இறக்கை. அத்தை வாரியலை எடுத்தவள் அப்படியே நின்று, “எங்கம்மை இத வறுத்து, பொரிகடலை போட்டுத் தருவா” என்றாள். இவர் முகத்தைச் சுளித்தார். “நீயும் தின்னுருக்க சின்னதுல” என்றாள்.

மகன் நான்கு ஈசலை டப்பாவில் விட்டான். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, டார்ச்சின் கண்ணாடியில் சிவப்புத் துணி கட்டி, நால்வரும் தள்ளி உட்கார்ந்தோம். ஈசல் ஒன்று துணிமேல் இறக்கையை இழுத்துக்கொண்டு போனது. முழியன் தலையை அதன் பக்கம் திருப்பியது. பதினோரு நாளில் முதல் தடவையாக எதையோ பார்க்கிறது. முன்னங்கால் ஒன்று முன்னால் வந்தது. பின்னங்கால் விரல்கள் மட்டும் லேசாக நடுங்கின. மகன் என் கையைப் பிடித்திருந்தான்.

டப். அவ்வளவுதான் கேட்டது. ஈசல் இல்லை, வாய் ஓரத்தில் இறக்கை. இரண்டு கண்ணும் தலைக்குள் அமுங்கின. தவளைக்கு விழுங்க ஒத்தாசை செய்வது கண்தானாம், மேலிருந்து அமுக்கித் தொண்டைக்குள் தள்ளும். கண் வெளியே வந்தபோது இறக்கையும் இல்லை.

“சவம், முழிய உருட்டுதப் பாரு” என்றாள் அத்தை. திட்டுவது மாதிரி இல்லை.

மூன்று தின்றது. நாலாவதை விட்டுவிட்டது.

மே 17, வெள்ளி

மத்தியானம் பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம், ஒரு பையன் போய்விட்டான். நாளை மறுநாள் நாங்கள் போவதாக இருந்தது. இரவு யாரும் அதிகம் பேசவில்லை.

மே 19, ஞாயிறு

17 கிராம். வெள்ளைத் துணியில் எச்சம் இருந்தது. ‘அதுதான் டிஸ்சார்ஜ் சீட்டு’ என்றாள் அக்கா மகள். காட்டு உயிரைத் தேறிய பிறகும் டப்பாவில் வைத்திருப்பது சரியில்லை, இன்றே விட்டுவிடுங்கள் என்றாள். மகன் இன்னும் ஒரு வாரம் கேட்டான். ஒரு நாள் கேட்டான். அப்புறம் டப்பாவைத் தானே தூக்கிக்கொண்டான்.

குளியலறையில் விடவில்லை. அங்கணக்குழியை இவர் வெந்நீர் ஊற்றி ஊற்றித் தேய்த்திருக்கிறார், ஆனாலும் மனசு வரவில்லை. மழை பெய்து ஈரமாயிருந்த கிணற்றடியில், வாழைக்குப் பக்கத்தில், மூடியைத் திறந்து வைத்தோம். வெகுநேரம் வெளியே வரவில்லை. கொசு பிடுங்கியது. உள்ளே போய்க் கொசுவர்த்திச் சுருளை எடுத்தவர், எதையோ நினைத்து அங்கேயே வைத்துவிட்டு வந்தார். திரும்பிப் பார்த்தால் டப்பா காலி.

மே 22, புதன்

மூன்று இரவாக டார்ச்சோடு வாழை வாழையாகப் பார்க்கிறான். இல்லை.

அப்பளம் ஆர்டர் இருக்கிறது, எனக்கு நேரமில்லை.

மே 25, சனி

காலையில் குளிக்கப் போனபோது ஜன்னல் திட்டு காலி. ஆனால் மூலையில் கறுப்பாக ஒரு எச்சம், நேற்று இல்லாதது.

பல்லி எச்சம் என்றார் இவர். பல்லி எச்சத்தில் நுனியில் வெள்ளை இருக்கும். இதில் இல்லை.

வேலைக்கு வரும் அக்காவிடம் திட்டைத் துடைக்க வேண்டாம் என்று சொன்னேன். “பாத்துட்டேம்மா” என்றாள்.