துண்டு இருக்கிற படம் வேணும்

2013 மே 16 மதியம் நான் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனபோது விளையாட்டு டெஸ்க்கில் ஒருவர்கூட நாற்காலியில் இல்லை. எல்லோரும் டி.வி. முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். டெல்லி போலீஸ் கமிஷனர் நீரஜ் குமார் பேசிக்கொண்டிருந்தார். ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூன்று பேர், ஸ்ரீசாந்த், அஜித் சண்டிலா, அங்கீத் சவான், அன்று விடியற்காலையில் மும்பையில் கைது. ஒரு குறிப்பிட்ட ஓவரில் இத்தனை ரன் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் பந்தயம் பிடிக்கும் புக்கிக்கு ஒரு சைகை காட்ட வேண்டும், இதுதான் ஏற்பாடு என்று போலீஸ் சொன்னது. மே 9 மொகாலியில் பஞ்சாப் அணியோடு நடந்த ஆட்டத்தில் ஸ்ரீசாந்தின் சைகை, இடுப்பில் சொருகிய ஒரு துண்டு. பதினாலு ரன் கேட்டிருந்தார்கள், பதிமூன்றுதான் போனது என்றார்கள். சண்டிலா ரன்னைக் கொடுத்துவிட்டு சைகை காட்ட மறந்துபோனார், அதனால் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரே தகராறு என்றும் சொன்னார்கள். அந்த இடத்தில் டெஸ்க்கில் இரண்டு பேர் சிரித்தே விட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சிரிப்பு அடங்கியதும் எங்கள் தலைமை உதவி ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "துண்டு இருக்கிற படம் வேணும்பா. எப்படியாவது தேடி எடு."

அப்போது நான் சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். ஏஜென்சி செய்திகளைத் தமிழில் எழுதுவது, தலைப்பு வைப்பது, படம் தேர்ந்தெடுப்பது, ராத்திரி பக்கத்தை முடித்து அனுப்புவது, இதெல்லாம்தான் வேலை. பந்து வீசுகிறவர் இடுப்பில் துண்டு சொருகுவது கிரிக்கெட்டில் சாதாரண விஷயம். மே மாதத்தில் சொருகாதவர்தான் அபூர்வம். ஆனால் அந்த ஆட்டத்தில், அந்த ஓவரில் எடுத்த படம் எங்கள் சேமிப்பில் இல்லை. வெளியூர்களுக்கு முதலில் போகும் டாக் எடிஷனுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வேறொரு ஆட்டத்தில் துண்டோடு ஓடி வரும் படம் ஒன்று கிடைத்தது. வைத்தேன். கீழே "இடுப்பில் துண்டுடன் ஸ்ரீசாந்த்" என்று எழுதினேன். பொய் இல்லை. துண்டு இருந்தது, இடுப்பும் இருந்தது.

மறுநாள் மாலை ஆபரேட்டர் ஒரு போனை எங்கள் பகுதிக்குத் தள்ளிவிட்டார். அரக்கோணத்திலிருந்து ஒரு பெரியவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவராம்.

"தம்பி, நேத்து துண்டு படம் போட்டீங்களே, அது மொகாலி மேட்ச்சா?"

"ஆமாங்கய்யா, அந்த மேட்ச்லதான்..."

"பஞ்சாப்காரன் செவப்புல இல்ல ஆடுவான்? உங்க படத்துல பின்னால ஒருத்தன் ஊதா சட்டையில நிக்கிறானே?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. "கோப்புப் படம்யா, அதைக் குறிப்பிட விட்டுப்போச்சு" என்று சமாளித்தேன். அவர் கோபப்படவில்லை. "விட்டுப்போச்சுன்னா சரி" என்று சொல்லிவிட்டு வைத்தார். கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தலைமை உதவி ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். "படத்துல தேதி போட்டியா? இல்லையே. அப்புறம் என்ன?" என்றார். திருத்தம் வெளியிடவில்லை. விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நானே குற்றவாளி, எங்கள் டெஸ்க்கே நீதிபதி, தீர்ப்பு விடுதலை.

மே 24 இரவு குருநாத் மெய்யப்பனை, பந்தயம் கட்டினார் என்று, மும்பை போலீஸ் கைது செய்தது. அதுவரை வடநாட்டு விவகாரமாக இருந்தது ஒரே ராத்திரியில் மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் சொந்தமாகிவிட்டது. அவர் அப்போதைய கிரிக்கெட் வாரியத் தலைவர் என்.சீனிவாசனின் மருமகன். சீனிவாசனின் இந்தியா சிமெண்ட்ஸ்தான் அப்போது சென்னை சூப்பர் கிங்ஸின் உரிமையாளர். அதாவது, புகாரை விசாரிக்க வேண்டிய வாரியத்தின் தலைவரும் புகாரில் சிக்கிய அணியின் முதலாளியும் ஒரே ஆள்.

குருநாத்துக்கு என்ன அடைமொழி போடுவது என்பது அந்த ராத்திரி எங்களுக்குப் பெரிய பிரச்சினையாகிவிட்டது. ஏலத்தில் உட்கார்ந்திருப்பார், வீரர்கள் உட்காரும் இடத்தில் இருப்பார், பேட்டி கொடுப்பார். பழைய செய்திகளில் நாங்கள் யோசிக்காமல் "சென்னை அணி உரிமையாளர்" என்று எழுதியிருக்கிறோம். நிறுவனத்தின் அறிக்கையோ, அவர் உரிமையாளர் இல்லை, தலைமைச் செயல் அதிகாரி இல்லை, அணியின் முதல்வரும் இல்லை, நிர்வாகக் குழுவின் கௌரவ உறுப்பினர்களில் ஒருவர் மட்டுமே என்றது. "கௌரவ" என்ற சொல்லை நான் தட்டச்சு செய்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "கௌரவத்தை மேற்கோள் குறிக்குள்ள போடுடா." போடவில்லை. போட்டிருக்கலாமோ என்று பிறகு தோன்றியது. உச்ச நீதிமன்றம் அமைத்த முட்கல் குழு 2014 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தபோது, அவர்தான் அணியின் முகமாக இருந்தார் என்று சொன்னது.

இரண்டு நாள் கழித்து, மே 26, கொல்கத்தாவில் இறுதிப் போட்டி. எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே சின்ன டி.வி. ஒன்று உண்டு. மும்பை 148 எடுத்திருந்தது. சென்னை மூன்று ரன்னுக்கு மூன்று விக்கெட், அப்புறம் 39-க்கு ஆறு. வேறு எந்த வருடமாக இருந்தாலும் மலிங்கா அபாரமாக வீசுகிறார் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அன்று ஒவ்வொரு விக்கெட்டுக்கும் ஒரு உரை வந்தது. பத்ரிநாத் டக் அவுட்டா? ஃபிக்ஸிங். தோனி ஏழாவதாகவா இறங்குகிறார்? ஃபிக்ஸிங். அவர் கடைசி வரை நின்று 63 அடித்தாரே? "அதுவும் கணக்குதான் மச்சி, சந்தேகம் வரக்கூடாதுல்ல." சென்னை 125-ல் நின்று, 23 ரன்னில் தோற்றது. கவனித்தேன், "எல்லாம் முன்னாடியே பேசி வச்சது" என்று சாதித்தவர்களில் ஒருவர்கூட கடைசிப் பந்துவரை இடத்தைவிட்டு நகரவில்லை. டீ மாஸ்டர்தான் பாவம், பால் தீர்ந்துபோய் நின்றார்.

ரசிகரின் சந்தேகம் வினோதமானது. அது ஆட்டத்தை விட்டு அவரை வெளியே துரத்துவதில்லை. உள்ளேயே உட்கார வைத்து ருசியை மட்டும் எடுத்துவிடுகிறது. முன்பெல்லாம் ஒரு நோ-பால் வெறும் நோ-பால். அதற்குப் பிறகு எந்த நோ-பாலைப் பார்த்தாலும் கடையில் யாராவது ஒருவர் புருவத்தை உயர்த்தினார். 2000-ல் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹன்சி குரோனியேவின் ஃபிக்ஸிங் விவகாரம் வெடித்தபோது என் அப்பா இப்படித்தான் கொஞ்ச நாள் ஸ்கோர் கேட்பதையே விட்டிருந்தார். நான் அந்த வயதில் அவரைக் கேலி செய்தேன்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் பங்கைச் சொல்லியாக வேண்டும். ஒரு சொல்லைப் பற்றியது.

நடந்ததாகச் சொல்லப்பட்டவை இரண்டு வேறு தப்புகள். ஒன்று, காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே மோசமாக ஆடுவது. இன்னொன்று, யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் கட்டுவது. முதலாவது நடந்தால் ஆட்டமே பொய். இரண்டாவது சட்டவிரோதம், அதுவும் அணிக்குள் இருக்கிறவர் செய்தால் பெரிய துரோகம், ஆனால் மைதானத்தில் விழுந்த விக்கெட் உண்மையான விக்கெட்டாக இருக்கலாம். நாங்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்லை வைத்தோம்: சூதாட்டம். "ஐ.பி.எல். சூதாட்டம்: 3 வீரர்கள் கைது." "ஐ.பி.எல். சூதாட்டம்: குருநாத் கைது." சுருக்கமான சொல், தலைப்பில் கச்சிதமாக உட்காரும். தமிழில் சூது என்றால் பகடையும்தான், வஞ்சகமும்தான். சூதுவாது தெரியாத மனுஷன் என்கிறோமே, அதில் பந்தயம் எங்கே இருக்கிறது? அந்த இரட்டை அர்த்தம் எங்களுக்கு வசதியாக இருந்தது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ஆட்ட நிர்ணயம் என்று எழுதுவார்கள். ஒருமுறை அதைப் போட்டுப் பார்த்தேன். "இது என்னய்யா, நிச்சயதார்த்தமா?" என்று அடித்துவிட்டார்கள்.

விளைவு என்னவென்றால், குருநாத் பந்தயம் கட்டியதும் அணியின் தகவல்களை வெளியே சொன்னதும் நிரூபணமானது, ஆட்டத்தை விலைபேசினாரா என்பதை இன்னும் விசாரிக்க வேண்டும் என்று முட்கல் குழு பிரித்துச் சொன்னபோது, எங்கள் வாசகர்களுக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை. நாங்கள்தான் ஒன்பது மாதமாக அதை அழித்துக்கொண்டிருந்தோமே.

வாரியம் செய்த விசாரணையையும் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற நீதிபதிகள் இருவரைக் கொண்டு அவர்களே ஒரு குழு போட்டார்கள். தப்புக்கு ஆதாரம் இல்லை என்று 2013 ஜூலை 28-ல் அந்தக் குழு சொன்னது. அந்தக் குழு அமைத்ததே செல்லாது என்று இரண்டே நாளில் மும்பை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெஸ்க்கில் ஒரே கும்மாளம். "வீட்டுக்காரரே வீட்டுக்குத் தீர்ப்பு சொன்னால்?" என்கிற தோரணையில் நான் ஒரு பெட்டிச் செய்தி எழுதினேன். நன்றாகவே எழுதினேன். எழுதி முடித்தபோது ஊதா சட்டை ஞாபகம் வந்தது. மறுபடி வேலையைப் பார்த்தேன்.

உண்மையில் இந்த முடிச்சு 2008-லேயே விழுந்தது. வாரிய நிர்வாகிகள் வாரியம் நடத்தும் போட்டிகளில் வணிக ஆதாயம் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதி இருந்தது. 6.2.4 என்ற அந்த விதியில் அந்த வருடம் ஐ.பி.எல்.லுக்கு விலக்கு கொடுத்துத் திருத்தினார்கள். வாரியத்தின் முன்னாள் தலைவர் ஏ.சி.முத்தையா இதை எதிர்த்து நீதிமன்றம் போனார். 2011-ல் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். ஊர் உலகமே உலகக் கோப்பை ஜெயித்த சந்தோஷத்தில் இருந்த ஏப்ரல் அது. அந்தத் தீர்ப்பை நாங்கள் எவ்வளவு பெரிதாகப் போட்டோம் என்று பிற்பாடு பழைய கட்டைப் புரட்டிப் பார்த்தேன். நாலு விரற்கடை. பக்கத்திலேயே ஒரு பிஸ்கட் விளம்பரம், அது பெரிது. 2015 ஜனவரி 22-ல் நீதிபதிகள் தாக்கூரும் கலிபுல்லாவும் அந்தத் திருத்தத்தையே ரத்து செய்தபோதுதான் முதல் பக்கத்துக்கு வந்தது.

2015 ஜூலை 14, உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு வருடத் தடை விதித்தது. அன்று வந்த போன்களுக்குக் கணக்கில்லை. ஒரு சிறுவன், "அங்கிள், தோனி எந்த டீம்ல ஆடுவாரு?" என்று மட்டும் கேட்டான். பெரியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி: ஒருத்தர் பந்தயம் கட்டினதுக்கு ஏன் டீமைத் தண்டிக்கணும், எங்களை ஏன் தண்டிக்கணும்? பதினோரு நாள் கழித்து, ஜூலை 25, டெல்லி நீதிமன்றம் ஸ்ரீசாந்த் உள்பட மூன்று வீரர்களையும் வழக்கிலிருந்து விடுவித்துவிட்டது. ஆடியவர்கள் மீது வழக்கு இல்லை, ஆடாதவர் பந்தயம் கட்டியதற்கு அணிக்குத் தடை. அப்படித்தான் செய்தியைப் படித்தவர்களுக்குத் தெரிந்தது. வாரியம் போட்ட தடை அப்படியே நின்றது என்பது வேறு கதை. ஸ்ரீசாந்தின் ஆயுள் தடையை 2019-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, அது ஏழு வருடமாகக் குறைந்தது.

அந்த ஜூலை கடைசியில்தான் அரக்கோணத்துப் பெரியவர் மறுபடி பேசினார். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன்.

"தம்பி, அப்போ ஆட்டம் நெசமா பொய்யா?"

ஆட்டத்தை விலைபேசுவதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது, கோர்ட்டில் நிரூபிப்பது வேறு, வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கை வேறு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "நான் பையனைக் கூட்டிக்கிட்டு ரயிலேறி சேப்பாக்கம் வந்து, டிக்கெட் வாங்கி, வெயில்ல உக்காந்து பாத்திருக்கேன். பேசி வச்ச ஆட்டம்னா என்னை ஏமாத்தினதாத்தானே அர்த்தம்? அந்தக் கேஸ் எங்க ஓடுது?"

அப்படி ஒரு கேஸ் இல்லைங்கய்யா என்றேன்.

2018-ல் சென்னை திரும்பி வந்தது. காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஆட்டம்தான் நடந்தது. மீதிக்கு ரசிகர்கள் ரயிலேறிப் புனேவுக்குப் போனார்கள். கோப்பையும் கிடைத்தது. சந்தேகப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு சக ஊழியர் கேட்டார். எங்கேயும் போகவில்லை, அந்த ரயிலில்தான் இருந்தார்கள் என்பது என் எண்ணம்.

2022 ஜனவரியில் கர்நாடக பிரீமியர் லீக் வழக்கில் அந்த மாநில உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஆட்டத்தை விலைபேசுவது இந்திய தண்டனைச் சட்டம் 420-இன்படி மோசடி ஆகாது. வாரியம் வேண்டுமானால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். டிக்கெட் வாங்கிய ரசிகர்கள் ஏமாந்தார்களே என்ற வாதத்துக்கும் நீதிமன்றம் பதில் சொல்லியிருந்தது: அவர்களை யாரும் தூண்டி வாங்க வைக்கவில்லை, தாமாகவே விரும்பி வாங்கினார்கள்.

ஏஜென்சி செய்தியில் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். பெரியவரின் எண் என்னிடம் இல்லை. அவர் எப்போதும் அலுவலக லேண்ட்லைனுக்குத்தான் பேசுவார், அந்த லேண்ட்லைனையும் எடுத்துவிட்டிருந்தார்கள். இந்தச் செய்தியையாவது ஒழுங்காக எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். அன்று பக்கத்தில் இடம் குறைவு, சிங்கிள் காலம், அதாவது ஒரு பத்தி அகலம்தான் கிடைத்தது. "ஆட்ட நிர்ணயம்" என்று தலைப்பு அடித்தேன், வரி உடைந்தது. "ஸ்பாட் ஃபிக்ஸிங்" அதற்கும் மேலே நீண்டது. லே-அவுட் தம்பி, "அண்ணே, டைம் ஆச்சு" என்றான்.

"கிரிக்கெட் சூதாட்டம்: மோசடி ஆகாது" என்று வைத்தேன். சரியாக உட்கார்ந்தது.