கேஸ் பேப்பரில் என்ன எழுதினார்கள்? தாராவி நாட்குறிப்பு

ஜனவரி 6, 2025, திங்கள்

ராத்திரி எங்கள் சந்திலிருந்து ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இங்கே செல்வி என்று சொல்கிறேன், அது அவள் பெயர் இல்லை. "எழுதுங்கக்கா, ஆனா ஆள் தெரியக் கூடாது" என்றாள். அதனால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதியதைச் சில வாரம் தள்ளித்தான் இங்கே போடுகிறேன்.

மாமியாரும் கூடவே வந்துவிட்டார். செல்விக்கு இந்தி அவ்வளவாக வராது, பதிலெல்லாம் அவரே சொன்னார்: ஏணியிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டாள். தாராவியில் யாரும் நம்பக்கூடிய பதில். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. விழாதவர்கள் குறைவு.

ஆனால் ஏணியில் விழுந்தால் மேல்கையின் உட்பக்கம் வரிசையாக நான்கு நீலத் தடம் எப்படி வரும்? மறுபக்கம் கட்டைவிரல் அளவில் இன்னொன்று. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டார். மாமியாரைக் கேஸ் பேப்பர் (ஆஸ்பத்திரியில் நோயாளியின் விவரம் எழுதும் தாள்) வாங்கி வர கவுன்ட்டருக்கு அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டுக் கேட்டார். அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். செல்வி வெகுநேரம் சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்புறம், "அவர்தான்."

டாக்டர் அதை அப்படியே எழுதினார்: கணவர் அடித்ததாக நோயாளி சொல்கிறார். எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம், எல்லாம். தடம் ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும், இந்தத் தாள் இருக்கும். நாளை கோர்ட்டில் "விழுந்தாள்" என்று இருந்தால் அதுவே அவளுக்கு எதிராகப் பேசும். புகார் கொடுப்பதா, பிரிவதா என்பதெல்லாம் நிதானமாக யோசிக்கலாம். யார் அடித்தது என்பது மட்டும் முதல் நாளே தாளில் ஏறிவிட வேண்டும்.

ஜனவரி 8, புதன்

செல்வியை ஆலோசகரிடம் கூட்டிப் போனேன். மும்பையில் இதற்கு ஒரு நல்ல வழி 2000-லேயே திறந்தது. பாந்த்ரா பாபா ஆஸ்பத்திரியில் மாநகராட்சியும், சுகாதார ஆய்வு செய்யும் சேஹத் அமைப்பும் சேர்ந்து, வீட்டில் அடிபடும் பெண்களுக்கு ஆலோசனை தரும் 'திலாசா' என்ற மையத்தைத் தொடங்கினார்கள். பிறகு மற்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளுக்கும் அது போனது. ஆஸ்பத்திரி என்பதால் "காய்ச்சல், மாத்திரை வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வரலாம். போலீஸ் ஸ்டேஷனுக்கு அப்படி எந்தப் பெண் போக முடியும்?

ஆலோசகர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். வீட்டில் கத்தி காட்டினாரா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா? கழுத்தை நெரித்தாரா? செல்வி மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று தலையை ஆட்டினாள். உடனே அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குரல் கம்முகிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா என்று கேட்டு, டாக்டரிடம் மறுபடி அனுப்பினார். கழுத்து நெரிபட்டால் வெளியே தடமே தெரியாமல் உள்ளே காயம் இருக்கலாம். ஒருமுறை நெரித்தவன் பின்னால் கொலை வரை போகும் ஆபத்து பல மடங்கு. இதைப் படிக்கிறவர்கள் மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஜனவரி 10, வெள்ளி

"இவ்வளவு அடி வாங்கிட்டு ஏன் அங்கேயே கிடக்கா?" தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. செல்வியிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இப்போது தாராவி முழுக்க மறுமேம்பாட்டு சர்வே நடக்கிறது, பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கான கணக்கெடுப்பு. "நான் போன நேரத்துல ஆள் வந்து வீட்டுக்கு நம்பர் போட்டுட்டா, நாளைக்கு நான் இங்க இருந்தேன்னு யார் சொல்லுவா?" வீடு மாமியார் பேரில். அவள் சம்பளம் விழும் ஏடிஎம் கார்டு கணவர் பையில்.

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் கார்டைப் பிடுங்கி வைப்பதையும் வன்முறை என்றே சொல்கிறது. வீடு யார் பேரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு (17-ஆம் பிரிவு). மாமனார், மாமியார் வீடும் அதில் வரும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சொன்னதும், "நிஜமாவாக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஜனவரி 12, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசினேன். சத்தம் கேட்டால் ஒருத்தி போய்க் கதவைத் தட்டி, கறிவேப்பிலையோ தீப்பெட்டியோ கேட்பது என்று முடிவு. நியாயம் பேசக் கூடாது, உள்ளே நுழையக் கூடாது. அவன் கை நிற்க அந்த ஒரு நிமிஷம் போதும். நிற்கவில்லை என்றால் போலீஸ் உதவிக்கு 112. 2008-ல் 'பெல் பஜாவோ' (பெல் அடியுங்கள்) என்ற பிரசாரம் நாடு முழுக்கச் சொன்னது இதைத்தான். எங்கள் சந்தில் பெல் கிடையாது, கதவு இருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். 90 அடி சாலை முழுக்க அடுப்பும் புகையும். செல்வியும் பொங்கல் வைத்தாள். மதியம் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, நல்ல நாள், சமாதானமாகப் போங்கள் என்றார்கள். நல்லெண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே பாயில் உட்கார வைத்துக் கேட்டால் அவளுக்கு வாய் வருமா? "தனியா கேளுங்க மாமா" என்றேன். கேட்டுவிட்டு, பேசாமல் எழுந்து போனார்கள்.

ஜனவரி 17, வெள்ளி

இதற்கு முன் போலீஸ் ஸ்டேஷனில் "வீட்டு விஷயம், பேசித் தீர்த்துக்கோங்க" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்று குடும்ப வன்முறைச் சட்டப்படி அரசு நியமித்த பாதுகாப்பு அதிகாரியிடம் நேராகப் போனோம். நடந்ததைப் பதிவு செய்யும் குடும்பச் சம்பவ அறிக்கையை அவர் பொறுமையாக நிரப்பினார்.

செல்வி சொன்னது: "ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம்க்கா. அடிக்காம இருந்தா போதும்." அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. அவள் கேட்பது பாதுகாப்பு உத்தரவு, அடிக்கக் கூடாது என்று கோர்ட் போடுவது. இந்தச் சட்டத்தில் அதை அவன் மீறினால்தான் குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வக்கீல் சட்ட உதவி ஆணையத்திலிருந்து. பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசம்.

ஜனவரி 20, திங்கள்

மனு போட்டாயிற்று. மூன்று நாளில் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கும். அதைச் செல்வியிடம் மறைக்கவில்லை. அதுவரைக்கும் இடைக்கால உத்தரவு கேட்டிருக்கிறோம்.

கேஸ் பேப்பர் நகல், கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, பிள்ளையின் ஸ்கூல் சான்று, எல்லாம் ஒரு பையில் போட்டு என் வீட்டில் இருக்கிறது. கொஞ்சம் பணமும் மாற்றுத் துணியும் அதே பையில். விசாரணை அன்று சின்னவளை ஸ்கூலிலிருந்து எதிர்வீட்டு அக்கா கூட்டி வருவார். கோர்ட்டுக்கு நானும் இன்னொருத்தியும் போகிறோம். ஆலோசகர் தன் நம்பரைத் தந்திருக்கிறார், அது செல்வியின் போனில் "டெய்லர் அக்கா" என்று பதிவாகியிருக்கிறது.