ஆகார் வெச்ச பேரு

வாட்சப்புல அடிக்கடி ஒரு பட்டியல் சுத்தி வரும், பாத்திருப்பீங்க. பின்னால சூரிய உதயம் படம், மேல "தேவனின் எபிரெய நாமங்கள்"னு தலைப்பு, கீழ வரிசையா யேகோவாயீரே - தேவைகளைச் சந்திப்பவர், யேகோவா ராஃபா - சுகமாக்குபவர், யேகோவா நிசி - ஜெயம் தருபவர், எல்ஷடாய் - சர்வவல்லவர். இங்க சிங்கப்பூர்ல எங்க சர்ச் லேடீஸ் குரூப்லயே மாசத்துக்கு ஒருத்தராவது அதை ஃபார்வர்ட் பண்ணிடுவாங்க. தப்பில்ல, எல்லாம் வேதத்துல இருக்கறதுதான். ஆனா அதை வெச்சுக்கிட்டு நாம ஜெபம் பண்ற விதம்தான் எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. வேலை போச்சா யீரே, காய்ச்சலா ராஃபா, பிள்ளைக்கு ஓ லெவல் பரீட்சையா நிசி, பாலிகிளினிக் கவுன்டர்ல நம்பர் வந்ததும் சீட்டைப் பாத்து மாத்திரைய எடுத்து நீட்டற மாதிரி.

காலையில பஞ்சாங்கம் மாதிரி ஒரு நாமம் பாத்துட்டுப் போறதுக்குப் பதிலா நான் செய்யறது வேற. ஒரு நாமத்தை எடுத்துக்கிட்டா ஒரு வாரம் அதுலயே இருக்கறது, அர்த்தத்தைப் பத்தி ரொம்ப அலட்டிக்கறதில்ல, அந்தப் பேரு வர்ற அதிகாரத்தை முழுசா வாசிக்கறது, தினமும் அதே அதிகாரம், அப்புறம் செங்காங்ல ரயில் ஏறினதுலருந்து இறங்கற வரைக்கும் ஒரே ஒரு கேள்வி: இந்தப் பேரை முதல்ல வாயால சொன்ன ஆள் யாரு, அப்ப அவங்க என்ன நிலமையில இருந்தாங்க? அவ்வளவுதான். காலை நேரத்துல அந்த ரயில்ல கைய உயர்த்தக்கூட இடம் இருக்காது, முழங்கால் போடறதெல்லாம் கனவு, அதனால இந்த மாதிரி தியானம்தான் நமக்குச் சரி.

இப்படி வாசிக்க ஆரம்பிச்சா ஒரு விஷயம் கண்ணுல படும். இந்தப் பேர்கள்ல பாதி, வசதியா சாஞ்சு உக்காந்து தியானம் பண்ணினவங்க சொன்னது இல்ல, மாட்டிக்கிட்டவங்க சொன்னது.

ஆகாரையே எடுத்துக்கோங்க. ஆதியாகமம் 16. வேதத்துல தேவனுக்கு ஒரு பேரு வெச்சதா வர்ற முதல் ஆள் ஆபிரகாம் இல்ல, நோவா இல்ல, ஒரு வேலைக்காரப் பொண்ணு. எகிப்துக்காரி, அயல்நாட்டுல வேலைக்கு இருக்கறவ, வயித்துல பிள்ளை, எஜமானியம்மா படுத்தற பாடு தாங்காம வனாந்தரத்துக்கு ஓடிட்டா. சூருக்குப் போற வழியில ஒரு தண்ணி ஊத்துகிட்ட தூதன் அவளைப் பாத்து கேக்கறது "எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?" அவ முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்றா, ரெண்டாவதுக்குச் சொல்லல, சொல்ல அவகிட்ட ஒண்ணும் இல்ல. அவதான் கடைசியில "நீர் என்னைக் காண்கிற தேவன்"னு பேரு வெக்கறா. எல் ரோயி.

எங்க பைபிள் ஸ்டடியில இதை வாசிச்ச அன்னைக்கு தமிழ்நாட்டுலருந்து இங்க வீட்டு வேலைக்கு வந்திருக்கற ஒரு தங்கச்சியும் இருந்தா. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமைதான் வர முடியும் அவளால. எல்லாரும் "ஆமென், அவர் நம்மளக் காண்கிறார்"னு சந்தோஷமா சொல்லிக்கிட்டிருக்கும்போது அவ மட்டும் மெதுவா, "ஆனா திரும்பிப் போன்னு தானக்கா சொன்னாரு"ன்னா. ஒருத்தரும் வாயத் திறக்கல. ஒன்பதாம் வசனம், "நீ உன் நாச்சியாரண்டைக்குத் திரும்பிப் போய், அவள் கையின்கீழ் அடங்கியிரு." பட்டியல்ல இந்த வரி வராது. காண்கிறவர்ங்கற பேரை மட்டும் வெட்டி எடுத்து ஸ்டிக்கர் ஆக்கிட்டோம், அதுக்கு முன்னாடி வந்த கட்டளை எவ்வளவு கசப்புன்னு அவளுக்குத்தான் தெரிஞ்சது, வீட்டுல ஹெல்பர் வெச்சிருக்கற எங்களுக்கு இல்ல. எங்க லீடர் அக்கா அதுக்கு ஒரு விளக்கம் குடுத்தாங்க, வாக்குத்தத்தம் அது இதுன்னு, எனக்கு அது பத்தல, அவளுக்கும் பத்தலன்னு முகத்துலயே தெரிஞ்சது. அந்த வாரம் முழுக்க எல் ரோயின்னு நான் மனசுக்குள்ள சொல்லும்போதெல்லாம் என்னைக் காண்கிறவர்னு வரல, எங்க ப்ளாக்குல கிச்சன் ஜன்னல் வெளியே மூங்கில் கம்புல துணி காயப்போடற அந்தப் பொண்ணுங்களைக் காண்கிறவர்னுதான் வந்தது. அப்புறம் நம்ம வீட்டுக்குள்ள நடக்கறதையும் காண்கிறார் இல்லையா, அது அவ்வளவு சௌகரியமான பேரு இல்ல.

எல்ஷடாயும் அப்படித்தான். அதை வெச்சு எத்தனை பாட்டு, கை தட்டி குதிச்சுப் பாடுவோம். ஆபிராமுக்கு 99 வயசுல தேவன் தன்னை அப்படி அறிமுகப்படுத்திக்கறார், ஆதியாகமம் 17, சரி. ஆனா ஷடாய்ங்கற பேரு வேதத்துல எங்க அதிகமா வருதுன்னு பாத்தா யோபு புத்தகத்துல. மொத்தம் 48 தடவை வர்றதுல 31 தடவை யோபுல மட்டும். பிள்ளைங்களை அடக்கம் பண்ணிட்டு சாம்பல்ல உக்காந்திருக்கற மனுஷனும், அவரை வார்த்தையாலயே வதைக்கற சிநேகிதங்களும் மாத்தி மாத்திச் சொல்ற பேரு அது. நம்ம தமிழ் வேதாகமத்துல "சர்வவல்லவர்"னு வருமே அங்கெல்லாம் பெரும்பாலும் இதுதான். நகோமியும் அதையேதான் சொல்றா. மோவாபுல புருஷனையும் ரெண்டு பையன்களையும் பறிகொடுத்துட்டு பெத்லகேமுக்குத் திரும்பி வர்றப்ப ஊர் பொம்பளைங்க "இவள் நகோமியோ"ங்கறாங்க, அதுக்கு அவ, "நீங்கள் என்னை நகோமி என்று சொல்லாமல், மாராள் என்று சொல்லுங்கள்; சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்." வல்லமைன்னா அந்த வல்லமையாலதான் எனக்கு இது நடந்துச்சுன்னு நேரா மூஞ்சிக்கு நேரா சொல்றா. இதைப் போய் எந்தப் பாட்டுல வெப்பாங்க? எனக்கென்னமோ அந்த நாமத்தை நகோமி அளவுக்கு நம்பிக்கையோட நாம யாரும் பயன்படுத்தலன்னு தோணுது. நம்பாதவகிட்ட போய் யாரும் இவ்வளவு கோவமா முறையிட மாட்டாங்க.

அப்புறம் இந்த யீரே, நிசி, ஷாலோம், ஷம்மா. இதுல ஒரு வேடிக்கை இருக்கு, நாலுமே முதல்ல இடத்துக்கு இல்லன்னா பலிபீடத்துக்கு வெச்ச பேரு. ஆபிரகாம் அந்த மலைக்கு வெச்சது யேகோவாயீரே, மோசே அமலேக்கியரோட நடந்த சண்டைக்கப்புறம் கட்டின பலிபீடத்துக்கு யேகோவா நிசி, கிதியோன் ஒப்ராவுல கட்டின பலிபீடத்துக்கு யேகோவா ஷாலோம், எசேக்கியேல் தரிசனத்துல வர்ற நகரத்துக்கு யேகோவா ஷம்மா. கிதியோன் ஷாலோம்னு, அதாவது சமாதானம்னு, பேரு வெக்கறது சண்டை முடிஞ்சு இல்ல, சண்டைக்கு முன்னாடி, மீதியானியருக்குப் பயந்து ஆலைக்குள்ள ஒளிஞ்சு கோதுமை போரடிச்சுக்கிட்டிருந்தவன் அவன். எசேக்கியேல் "கர்த்தர் அங்கே இருக்கிறார்"னு ஒரு ஊருக்குப் பேரு சொல்றப்ப எருசலேம் இடிஞ்சு பதினாலு வருஷம், அவரே பாபிலோன்ல சிறை. இடிஞ்சு கெடக்கற ஊரை நெனச்சுக்கிட்டு அப்படி ஒரு பேரைச் சொல்ல எவ்வளவு பிடிவாதம் வேணும்.

ராஃபாவும் சும்மா சொல்லிடறேன், யாத்திராகமம் 15, அங்க யாருக்கும் வியாதியே இல்ல. மூணு நாள் தண்ணியில்லாம நடந்து வந்து மாராவுல கெடச்ச தண்ணி கசப்பு, அந்தத் தண்ணிதான் சுகமாகுது. அதுக்கப்புறம்தான் "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்." ஆஸ்பத்திரி வார்டுல இதைச் சொல்லி ஜெபிக்கக்கூடாதுன்னு சொல்லல, நானே ஜெபிப்பேன். ஆனா மாரான்னதும் நகோமி ஞாபகம் வராம இருக்கறதில்ல. ஒரு மாராவுல தண்ணி இனிப்பாச்சு, இன்னொரு மாராளுக்கு இனிக்க ரொம்ப நாளாச்சு, அதுவும் வேற ஒருத்தி, மருமக ரூத் மூலமா.

இதுல எனக்கு ரொம்ப நெருக்கமானது "சேனைகளின் கர்த்தர்". முன்னெல்லாம் அந்தப் பேரு மேல எனக்குப் பெரிய பாசமெல்லாம் கெடையாது, படை, பட்டாளம், வாள்னு ஆம்பளைங்க சமாச்சாரமா தெரியும். பையன் என்எஸ், அதான் கட்டாய ராணுவ சேவைக்கு, போனான். தெக்கோங் தீவுல கொண்டுபோய் விட்டுட்டு, தலைய மொட்டையடிச்சு அவன் நிக்கறதைப் பாத்துட்டு ஃபெர்ரியில திரும்பி வந்தோம், அப்புறம் கன்ஃபைன்மென்ட் முடியற வரைக்கும் வீட்டுக்கு விட மாட்டாங்க, ராத்திரி போன் அடிச்சா ரெண்டு நிமிஷம் "சாப்டேன்மா, டயர்டா இருக்கும்மா" அவ்வளவுதான். இந்த ஊர்ல ஆம்பளைப் பிள்ளை பெத்த எல்லா வீட்லயும் நடக்கறதுதான், பக்கத்து வீட்டு சீன அம்மா "ஐயோ மூணு பேரை அனுப்பிட்டேன், நீ ஒண்ணுக்கே அழற"ன்னு சிரிச்சாங்க. அந்த நேரத்துல 1 சாமுவேல் வாசிச்சேன்.

சேனைகளின் கர்த்தர்ங்கற பேரு ஆதியாகமத்துலருந்து நியாயாதிபதிகள் வரைக்கும் எங்கயுமே இல்ல. யோசுவா அவ்வளவு யுத்தம் பண்றார், அங்க கூட இல்ல. முதல்ல வர்றது 1 சாமுவேல் முதல் அதிகாரம். அந்தப் பேரைச் சொல்லி ஜெபிக்கறதா வேதம் காட்டற முதல் ஆள் ராஜாவும் இல்ல தளபதியும் இல்ல, அன்னாள். பிள்ளையில்லாதவ, சக்களத்தி குத்திக் குத்திப் பேசி சாப்பிடாம அழுதுக்கிட்டிருந்தவ, உதடு மட்டும் அசையுது சத்தம் வரல, ஆசாரியன் ஏலி குடிச்சிருக்கான்னு நெனச்சுட்டார். "சேனைகளின் கர்த்தாவே"ன்னு கூப்பிட்டு அவ கேக்கறது ஒரு ஆண்பிள்ளை. கேட்டு வாங்கின கையோட திருப்பிக் குடுத்தும் விடறா, பால் மறந்ததும் சீலோவுல கொண்டுபோய் விட்டுட்டு வர்றா, அப்புறம் வருஷா வருஷம் ஒரு சின்னச் சட்டை தைச்சு எடுத்துட்டுப் போவா. நான் அந்தச் சட்டை வசனத்தை எம்ஆர்டி ரயில்ல வாசிச்சுட்டு மூக்கைச் சிந்திக்கிட்டிருந்தேன், எதிர் சீட்டுல இருந்தவர் சளின்னு நெனச்சு தள்ளி உக்காந்தார். ஞாயித்துக்கிழமை ராத்திரி அவன் புக் இன் பண்ண, அதாவது முகாமுக்குத் திரும்ப, போறப்ப துவைச்சு மடிச்ச நம்பர் ஃபோர் யூனிஃபார்மை பையில வெக்கறப்ப இப்பவும் அந்தப் பேருதான் வாயில வரும். இதுக்கு மேல விளக்கம் எனக்குத் தெரியாது.

உச்சரிப்பு பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா குரூப்ல இதுக்கு ஒரு சண்டையே நடந்தது. யாவேயா, யேகோவாவா, எது சரி? எபிரெயத்துல நாலு மெய்யெழுத்துதான், யோத், ஹே, வாவ், ஹே. யூதங்க அதை உச்சரிக்கறதே இல்ல, வாசிக்கறப்ப அந்த இடத்துல அதோனாய்னு சொல்லுவாங்க, சாதாரணப் பேச்சுல ஹஷெம், அதாவது அந்த நாமம். அதோனாய்க்கு உரிய உயிர்க்குறிகளை அந்த நாலெழுத்தோட போட்டு வெச்சதைச் சேத்து வாசிச்சதுதான் யேகோவாங்கற வடிவம். நம்ம தமிழ் வேதாகமம் பெரும்பாலான இடத்துல கர்த்தர்னும், கத்தோலிக்க திருவிவிலியம் ஆண்டவர்னும் போட்டிருக்கறது அந்த வழக்கத்தை ஒட்டித்தான்.

ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் போறவங்களுக்குத் தெரியும், அந்தத் தெரு முனையில மிடில் ரோடு பக்கம் டேவிட் எலியாஸ் பில்டிங் நிக்குது, 1928ல கட்டினது, மேல நட்சத்திரம் தெரியும், தாவீதின் நட்சத்திரம். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தா வாட்டர்லூ ஸ்ட்ரீட்ல மகேன் அபோத் ஜெப ஆலயம், 1878லருந்து இருக்கு, அதே தெருவுல கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும். அந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்துல பாக்தாத்லருந்து வந்த யூதக் குடும்பங்க இருந்த இடம். நம்ம ஆளுங்க ஷார்ட் ஸ்ட்ரீட்ல யேகோவா யேகோவான்னு மைக் வெச்சுப் பாடறப்போ நாலு தெரு தள்ளி அதே எழுத்தைப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டு வேற வார்த்தை சொல்றவங்க இருக்காங்க. ரெண்டும் பக்திதான். என் வரைக்கும் பாட்டுல வந்தா பாடுவேன், தனியா ஜெபிக்கறப்ப கர்த்தர்தான், அம்மா சொல்லிக்குடுத்தது.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு ஒண்ணு: எபிரெயப் பேரே தெரியலைன்னாலும் பரவால்ல, தமிழ்லயே தேவன், கர்த்தர் எங்க மாறுதுன்னு பென்சில்ல கோடு போட்டுப் பாருங்க. தேவன்னா எலோகிம், கர்த்தர்னா அந்த நாலெழுத்து. ஆதியாகமம் 7:16ல மிருகங்க பேழைக்குள்ள போறது தேவன் கட்டளையிட்டபடி, ஆனா நோவாவை உள்ள விட்டு கதவை அடைக்கறது கர்த்தர். சங்கீதம் 14ஐயும் 53ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வாசிங்க, ஏறக்குறைய ஒரே சங்கீதம்தான், ஒண்ணுல கர்த்தர் பரலோகத்துலருந்து பாக்கறார், இன்னொண்ணுல தேவன் பாக்கறார். ஏன்னு அறிஞர்கள் ஆயிரம் சொல்லுவாங்க, நீங்க ரெண்டையும் சத்தமா வாசிச்சுப் பாருங்க, காதுல வேற மாதிரி கேக்கும்.

அடுத்த மாசம் எங்க குரூப்ல எஸ்தர் எடுக்கறோம். எஸ்தர் புத்தகத்துல தேவனோட பேரு ஒரு இடத்துல கூட இல்ல, தேவன் இல்ல, கர்த்தர் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் முதல் வாரம் நடத்தணுமாம், லீடர் அக்கா சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க, "நீதான் நாமம் நாமம்னு சொல்லுவியே, இப்ப என்ன பண்ணுவ பாப்போம்"னு. அந்தத் தங்கச்சிகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், லீவு கெடச்சா கண்டிப்பா வரச் சொல்லி.