எத்தனை நாளாக?

எங்கள் கிளினிக் நோட்டில் ஒவ்வொரு நாய்க்கும் ஆறு கட்டங்கள் உண்டு. பெயர், வயது, எடை, காய்ச்சல், என்ன தொந்தரவு, எத்தனை நாளாக. முதல் ஐந்தை நிரப்புவது சுலபம். ஆறாவதுக்கு ஒன்பது வருடமாக ஒரே பதிலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தான் சிஸ்டர்."

நான் சிஸ்டர் இல்லை. நர்ஸ் படிப்பெல்லாம் படித்ததில்லை. பெரம்பூரில் ஒரு நாய், பூனை கிளினிக்கில் டோக்கன் போட்டுக்கொடுக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாவது வாரம், நாயைப் பிடித்துக்கொள்ளும் பையன் வரவில்லை என்று உள்ளே கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து பாதி நேரம் வாசல் மேசை, பாதி நேரம் உள்ளே ஸ்டீல் மேசை. அம்மா இன்னும் அக்கம்பக்கத்தில் 'மாட்டாஸ்பத்திரியில வேலை' என்றுதான் சொல்கிறாள். இத்தனை வருடத்தில் ஒரு மாடுகூட வந்ததில்லை. எங்களால் முடியாத கேஸை வேப்பேரிக்கு அனுப்புவோம். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. ஆட்டோக்காரர்களிடம் அதற்கும் மாட்டாஸ்பத்திரி என்றால்தான் சட்டென்று புரியும்.

சேர்ந்த முதல் நாள் ஒரு பெரியவரிடம், "அது காலையில என்ன சாப்பிட்டுது சார்?" என்று கேட்டுவிட்டேன். "அதுவா? அவன் பேரு ராக்கிம்மா" என்றார். அதோடு 'அது' என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிட்டேன். சிலர் நாய்ப் பெயருக்கு முன்னால் இனிஷியலும் போடச் சொல்வார்கள். போடுவேன்.

இவ்வளவு பாசம் வைத்தவர்கள் எங்களிடம் பொய் சொல்ல வரவில்லை. 'நேற்று' என்பது அவர்கள் கண்ணில் பட்ட நாள், அவ்வளவுதான். நாய் முடிந்தவரை மறைத்துக்கொண்டுதான் திரியும். வாலையும் ஆட்டும், கேட் திறந்தால் ஓடியும் வரும். அதனால் டாக்டர் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார். எத்தனை நாளாக என்று கேட்காதே, கடைசியாகத் தட்டை நக்கிச் சுத்தம் செய்தது எந்தக் கிழமை என்று கேள். கேட்டுப் பார்த்தேன். நேற்று மெதுவாகப் பின்னால் நகரும். "நேத்து... இல்ல, சனிக்கிழமை சிக்கன் வச்சப்பவே பாதிதான் சாப்பிட்டான்ல?" என்று வீட்டுக்காரரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

சில சமயம் அவர்கள் இருவருக்குமே தெரியாது. ஒரு லேப்ரடார் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஐந்து வயது. இடது மூக்கிலிருந்து ரத்தம். காலையில் திடீரென்று வந்ததாகவும், எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பான் என்றும் சொன்னார்கள். கணவன், மனைவி இரண்டு பேரும் ஐ.டி. வேலை. நாயின் செயினைப் பிடித்துக்கொண்டு, செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு அக்கா நின்றிருந்தார். அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைப்பவர். நாய் அவர் சொன்னால்தான் வண்டியில் ஏறுமாம், அதனால் அழைத்து வந்திருக்கிறார்கள்.

நான் கட்டத்தில் 'இன்று' என்று எழுதிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா, யாரைப் பார்த்தும் இல்லாமல், "பத்து நாளா பால்கனி மூலையிலேயே படுத்துக்கினு கீறான். தொடப்பம் எடுத்தாலே எழுந்து குதிப்பான், இப்போ நானே தள்ளிவிட்டுப் பெருக்கறேன்" என்றார்.

டாக்டர் நாயின் காது மடலைத் திருப்பினார். உள்ளே சாம்பல் நிறத்தில், சின்ன மொச்சைக்கொட்டை அளவில் ரத்தம் குடித்து ஊதிய உண்ணி மூன்று. கால் விரல்களுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் குட்டி உண்ணிகள். ஈறு வெளுத்திருந்தது. ரத்தம் உறைய உதவும் தட்டணு 18,000 என்று வந்தது. இரண்டு லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. உண்ணிக் காய்ச்சல். மூக்கில் ரத்தம் வரும்போது அந்த நோய் முதல் நாளில் இல்லை, எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுத்தோம். மூன்றாவது நாளே எழுந்து நடந்தான் என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துபவர்கள் உண்டு. அந்த அக்காவே கொடுப்பதாகச் சொன்னதால் எனக்கு அந்தக் கவலை இல்லை.

உண்ணி விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன். நாய் மேல் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம். மிச்சம் சுவர் வெடிப்பிலும், கதவு நிலைக்குப் பின்னாலும், நாய் படுக்கும் சாக்குக்கு அடியிலும் இருக்கும். ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டை போட்டுவிட்டுச் சாகும். நாய்க்கு மருந்து போட்டு வீட்டை விட்டுவிட்டால், மூன்று வாரம் கழித்து என் மேசை முன்னால் மறுபடி நிற்பீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, பீடி நெருப்பு வைப்பது, விரலால் நசுக்குவது எல்லாம் வேண்டாம். தோலை ஒட்டிக் குறடால் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, ஸ்பிரிட் பாட்டிலில் போட்டால் போதும்.

இந்த நேற்று வியாதி எனக்கும் வந்தது. எங்கள் வீட்டு லைலா நாட்டு நாய். ஏழு வயது வரை கருத்தடை ஆபரேஷன் செய்யவில்லை. தினமும் பத்துப் பேருக்குச் சொல்பவள், என் வீட்டுக்கு மட்டும் 'அடுத்த மாசம்' என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு ஏப்ரலில் ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்து ஒரு மாதம் போல ஆகியிருக்கும், வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தாள். "வெயில் காலம், குடிக்கட்டும்" என்றாள் அம்மா. நானும் சரி என்றேன். வயிறு கொஞ்சம் உப்பலாக இருந்தது. தயிர் சாதம் அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் காலையில் படுத்த இடத்தில் சீழ். ஸ்கூட்டியில் முன்னால் உட்கார வைத்து ஓடினேன். டாக்டர் கேட்டபோது என் வாயிலிருந்து, வார்த்தை மாறாமல், "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தா மேடம்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருந்தது. வெளியே எடுத்தபோது ஒரு கிலோவுக்கு மேல் இருந்தது. லைலா பிழைத்தாள். இப்போது அவள் தண்ணீர்க் கிண்ணத்தில் எவ்வளவு மிச்சம் என்று இரவில் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

எல்லாமே மெதுவாக வருவதும் இல்லை. அக்னி நட்சத்திரத்தில், மதியம் ஒன்றரை மணிக்கு ஆட்டோவில் வந்த ஒரு பக் இன நாய்க்கு நேற்று உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்திருக்கும். மொட்டை மாடியில் அரை மணி நேரம் கட்டிப்போட்டிருக்கிறார்கள், தொட்டி கழுவுவதற்காக. மூக்கே இல்லாத நாய் எதில் மூச்சு வாங்கும்? ஈரத் துண்டால் இறுகச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் 107. டாக்டர் முதலில் அந்தத் துண்டைத்தான் பிடுங்கி எறிந்தார். சுற்றிய ஈரத் துணி சூட்டை உள்ளேயே பூட்டிவிடும். குழாய்த் தண்ணீரை மேலே ஊற்றி, ஃபேனை நேராக வைத்து, 103 வந்ததும் நிறுத்தினோம். அன்று பிழைத்தது. மே மாதத்தில் வாக்கிங் போவதற்கு முன் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும் வரை உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால், நாயும் நடக்க வேண்டாம்.

வலி மாத்திரை கேஸ்களும் உண்டு. தாத்தா தன் முட்டி வலிக்கு வைத்திருக்கும் மாத்திரையில் பாதியைப் பாசத்தில் கொடுத்துவிடுவார். இரண்டு நாளில் மலம் தார் போலக் கறுப்பாகப் போகும், வயிற்றுக்குள் புண்ணாகி ரத்தம் கசிந்திருக்கும். பாயசத்துத் திராட்சை, சாக்லேட், பிரியாணி எலும்பு, இதெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

வாசலில் அடிக்கடி கேட்கும் இன்னொரு வாக்கியம்: "கடிக்க மாட்டான்." என் வலது கட்டை விரலுக்குக் கீழே பிறைபோல ஒரு தழும்பு இருக்கிறது. கடித்தது பெரிய நாய் என்று எல்லோரும் நினைப்பார்கள். வெள்ளை ஸ்பிட்ஸ், எட்டு கிலோ. நகம் வெட்ட வந்தது. "கடிக்க மாட்டான், உறுமக்கூட மாட்டான்" என்றார் அதன் வீட்டம்மா. "குட்டியா இருக்கும்போது உறுமினா மூக்குல ஒண்ணு போடுவோம். அப்படியே நிறுத்திட்டான்." அதைக் கேட்டவுடன் நான் வாய்க்கட்டு எடுத்திருக்க வேண்டும். உறுமல் என்பது நாய் கொடுக்கும் ஹாரன். ஹாரனைப் பிடுங்கிவிட்டால் வண்டி நிற்காது. அந்த நாய் உதட்டை நக்கியது. கொட்டாவி விட்டது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி என் கையைப் பார்த்தது. ஓரத்தில் வெள்ளை விழி தெரிந்தது. வால் நுனி ஆடிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் அசையாமல் நின்றது. இவ்வளவும் மூன்று, நான்கு நொடிக்குள். நான் கிளிப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினேன். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் வேலைக்குச் சேரும்போதே ரேபிஸ் ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்பதால் எனக்கு இரண்டு ஊசிதான், அன்றைக்கு ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று. முன்பே போடாதவர்களுக்கு முழு கோர்ஸும் தேவை. ஆழமான கடி என்றால் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் உண்டு. "வீட்டு நாய்தானே" என்று அந்தம்மா சொன்னதைக் கேட்டு நான் சும்மா இருக்கவில்லை. அந்த நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்ற வழி இல்லை. அவர் நாயின் தடுப்பூசி அட்டையை அப்புறம் வாங்கிப் பார்த்தேன். இரண்டு வருடம் விட்டுப் போயிருந்தது.

இப்போது ஆறாவது கட்டத்தைப் பென்சிலால்தான் எழுதுகிறேன். போன ஐப்பசியில், பல நாள் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு அம்மாவும் எட்டு வயதுப் பையனும் ப்ரௌனியை அழைத்து வந்தார்கள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதாம். வாந்தி, காய்ச்சல், சாப்பாடு இல்லை. எத்தனை நாளாக? "நேத்து வரைக்கும் நல்லாத்தான்..." என்று அம்மா ஆரம்பித்தார். நான் 'நேற்று' என்று எழுதினேன்.

"இல்லம்மா, வியாழக்கிழமை என் ஸ்கூல் ஷூவுல உச்சா போனானே" என்றான் பையன். "அதுக்கென்னடா இப்போ?" என்றார் அம்மா. "டீ கலர்ல இருந்துச்சு. நான்தான் கழுவினேன்."

ப்ரௌனியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு மஞ்சளாக இருந்தது. எலி மூத்திரம் கலந்த மழைத் தண்ணீரில் வரும் காய்ச்சலாக இருக்கலாம். அது நாயோடு நிற்காது. பையனைக் கையைக் காட்டச் சொன்னேன். ஆள்காட்டி விரலில், ஷூ லேஸ் இழுத்த இடத்தில், சின்னதாக ஒரு வெட்டு. அம்மாவிடம், இன்றைக்கே இவனையும் குழந்தைகள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், நாய் விஷயத்தையும் சொல்லுங்கள் என்றேன். பிறகு 'நேற்று' என்பதை அழித்துவிட்டு 'வியாழன்' என்று எழுதி, டிராயரில் கையுறையைத் தேடினேன்.