குதிகால் நாண் தேறும் காலம்

பிப்ரவரி 9

காலையில் எழுந்து வைக்கும் முதல் நாலைந்து அடிகள்தான் மோசம். இடது குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கம், இறுகிப்போய்க் கிடக்கிறது. குளித்து முடிப்பதற்குள் தளர்ந்துவிடும். ஓடப் போனால் தொடக்கத்தில் வலிக்கிறது, உடம்பு சூடானதும் மறைகிறது. ஓடி முடித்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் வந்து நிற்கிறது. இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தால் வலது காலைவிட அந்த இடம் தடித்திருப்பது தெரிகிறது. அழுத்தினால் சுருக்கென்கிறது.

தசைநாண் அழற்சியாகத்தான் இருக்க வேண்டும். சனிக்கிழமை பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கிறேன். தேறும் வரைக்கும் நடப்பதையும் படிப்பதையும் இங்கே எழுதி வைக்கப் போகிறேன். இதே வலியோடு நடக்கிற யாருக்காவது பயன்படட்டும்.

பிப்ரவரி 11

தசையை எலும்போடு பிணைக்கும் பட்டைதான் தசைநாண். கெண்டைக்காலில் இருக்கும் இரண்டு பெரிய தசைகள் கீழே வந்து ஒரே நாணாகிக் குதிகால் எலும்பில் பதிகின்றன. உடம்பிலேயே தடிமனான நாண் இதுதான், வலுவானதும் இதுதான். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல ஆறிலிருந்து எட்டு மடங்கு வரை சுமையைத் தாங்குகிறது.

உள்ளே இருப்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். கயிற்றின் புரிகளைப் போல இழை இழையாக, எல்லாம் ஒரே திசையில் படிந்திருக்கும். இழுவிசையைத் தாங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. ஆனால் தசையோடு ஒப்பிட்டால் நாணுக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு, உயிருள்ள செல்களும் குறைவு. அதனால் தசை சில வாரங்களில் தேறிவிடும் இடத்தில் நாணுக்கு மாதங்கள் பிடிக்கின்றன.

பிப்ரவரி 15

பிசியோ கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார், குப்புறப் படுக்கவைத்துப் பாதம் அசைகிறதா என்று பார்த்தார், ஒற்றைக் காலில் எத்தனை முறை குதிகாலை உயர்த்த முடிகிறது என்று எண்ணினார். இடது கால் சீக்கிரமே சோர்ந்துவிட்டது.

"ஸ்கேன் எடுக்கணுமா?" என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாம். வலியே இல்லாதவங்க நாண்லயும் ஸ்கேன்ல மாற்றம் தெரியும். உங்க கால் என்ன செய்ய முடியுதுங்கறதுதான் எனக்கு முக்கியம்."

எலும்பில் பதியும் இடத்தில் வலியா, அதற்கு மேலேயா என்பதைத்தான் அவர் கவனமாகத் தேடினார். என்னுடையது மேலே. குதிகால் எலும்பிலிருந்து இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் உயரத்துக்குள் வருவதை நடுப்பகுதிப் பாதிப்பு என்கிறார்கள். எலும்போடு சேரும் இடத்தில் வலி இருந்தால் படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கும் பயிற்சி ஆகாதாம். அப்படி இறக்கும்போது நாண் எலும்பின் மேல் அழுந்துகிறது, வலி கூடும். அவர்கள் சமதரையிலேயே செய்ய வேண்டும். ஒரே நாணில் சில சென்டிமீட்டர் தள்ளி வலிப்பதற்கே வைத்தியம் மாறுகிறது என்பதால், வலிக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளாமல் யாருடைய பயிற்சியையும் அப்படியே எடுத்துச் செய்யாதீர்கள்.

பிப்ரவரி 19

ஓய்வு எடுத்தால் போதாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஓய்வு எடுத்தால் வலி குறையும். ஆனால் சுமையே இல்லாத நாண் நாளுக்கு நாள் வலுவிழக்கிறது, அதோடு சேர்ந்த தசையும் இளைக்கிறது. திரும்ப ஓடும்போது பழைய சுமையைத் தாங்கும் நாண் அங்கே இருக்காது. வலி திரும்பிவிடும். மறுபடி ஓய்வு, மறுபடி வலி. பலர் இந்தச் சுழலிலேயே ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள் என்று பிசியோ சொன்னார்.

அதனால் ஓட்டத்தையும் குதிப்பதையும் மட்டும் நிறுத்தியிருக்கிறேன். நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். குதிகாலை உயர்த்தி அசையாமல் முக்கால் நிமிடம் நிற்பது இப்போதைக்கு முதல் பயிற்சி. கெண்டைக்காலை இழுத்து நீட்டுவதை நிறுத்தச் சொன்னார். இறுக்கமாக இருப்பதால் நீட்டத்தான் மனம் போகிறது, ஆனால் எரிச்சலடைந்த நாணை அது மேலும் சீண்டுகிறது. ஷூவுக்குள் குதிகாலடியில் ஒரு சிறிய மெத்தை வைத்திருக்கிறேன். நடையில் வலி குறைந்திருக்கிறது.

மார்ச் 2

வலியை அளக்கும் முறை ஒன்று சொல்லிக் கொடுத்தார். இந்த வைத்தியத்தில் மிகவும் பயனுள்ள விஷயம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

பத்துக்கு எவ்வளவு வலி என்று மனதில் மதிப்பெண் போட வேண்டும். பயிற்சி நேரத்தில் ஐந்து வரை போகலாம், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மறுநாள் காலையில் வலியும் இறுக்கமும் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் நேற்றைய சுமை அதிகம், கொஞ்சம் குறைக்க வேண்டும். செய்யும்போது அமைதியாக இருந்துவிட்டு நாண் மறுநாள்தான் தன் நிலையைக் காட்டும் என்பதால், அன்றைய வலியை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. காலை எழுந்ததும் ஒற்றைக் காலில் சில முறை குதிகாலை உயர்த்திப் பார்த்து மதிப்பெண்ணை எழுதி வைக்கிறேன்.

வலி என்றாலே சேதம் என்ற எண்ணம் இதனால் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது.

மார்ச் 16

காரணங்களைப் பற்றி. முதல் இடம் சுமை திடீரென்று மாறுவதற்கு. என் விஷயத்தில் தூரம் கூடியதும் மேட்டுப் பாதைக்கு மாறியதும் ஒரே மாதத்தில் நடந்தன. நீண்ட ஓய்வுக்குப் பிறகு பழைய அளவிலேயே தொடங்குவதும் இதே கணக்குதான். விளையாடுகிறவர்களுக்கு மட்டும் வருவதில்லை. நாள் முழுக்கக் கருவி பிடிக்கிறவர்களுக்கு முழங்கையில், கையைத் தலைக்கு மேல் தூக்கி வேலை செய்கிறவர்களுக்குத் தோளில், கைக்குழந்தையைத் திரும்பத் திரும்பத் தூக்குகிற தாய்மார்களுக்குக் கட்டைவிரலின் அடியில் வருகிறது. கடைசியாகச் சொன்னதை 1895ல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வைன் விவரித்தார், இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள்.

உடம்பின் உள்நிலையும் சேர்ந்துகொள்ளும். வயது, நீரிழிவு, உடல் பருமன், பரம்பரையாக இரத்தத்தில் கூடும் கொழுப்பு, பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலம். இரண்டு கால்களிலும் சேர்ந்து வலித்தால், காலை இறுக்கம் மணிக்கணக்கில் நீடித்தால், வேறு மூட்டுகளும் வீங்கினால் மூட்டுவாத நோயா என்று டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மருந்து ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் நாணைப் பாதிக்கலாம், அறுந்துபோகவும் செய்யலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008ல் இதற்கு மருந்தின் விவரக்குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இந்த மாத்திரை எடுக்கும்போது நாணில் வலி வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மார்ச் 30

அழற்சியை அடக்கும் வலி மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. சில நாளுக்கு எடுத்தால் வலி தணியும், அவ்வளவுதான். நாள்பட்ட நாண்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சிச் செல்கள் பெரிதாக இல்லை. இழைகள் ஒழுங்கு குலைந்து, புதிய இரத்தக் குழாய்கள் ஊடுருவியிருந்தன. அழற்சியே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அதை அடக்குவதால் மட்டும் நாண் சீராகாது. ஜில் குக், கிரெய்க் பர்டம் என்ற இரு ஆய்வாளர்கள் 2009ல் இதை மூன்று கட்டங்களாகப் பார்த்தார்கள்: சுமைக்கு எதிர்வினையாக நாண் தடிக்கும் கட்டம், பழுதுபார்க்க முயன்று தோற்கும் கட்டம், சிதையும் கட்டம். முதல் கட்டத்தில் சுமையைச் சரிசெய்தால் நாண் பழைய நிலைக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

ஏப்ரல் 13

அசையாமல் நிற்கும் கட்டம் முடிந்து எடைக்கு வந்திருக்கிறேன். முதுகுப்பையில் எடையை ஏற்றிக்கொண்டு, மூன்று விநாடி மேலே, மூன்று விநாடி கீழே. முழங்கால் நேராக ஒரு சுற்று, மடக்கி ஒரு சுற்று. மடக்கும்போது ஆழத்தில் இருக்கும் தசைக்கு வேலை கூடுகிறது.

இந்த வழி திறந்த கதை சுவாரசியமானது. 1998ல் ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் குழு, குதிகாலை மெதுவாக இறக்குவதை மட்டும் பயிற்சியாக்கியது. ஒரு நாளைக்கு 180 முறை, வாரம் ஏழு நாளும், 12 வாரம். வலித்தாலும் செய்யச் சொன்னார்கள், பங்கேற்ற 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். 2015ல் டென்மார்க்கில் இதையும் வாரம் மூன்று நாள் மட்டும் செய்யும் கனமான, மெதுவான எடைப் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். முன்னேற்றம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. வேலைக்குப் போகிற எனக்கு வாரம் மூன்று நாள்தான் ஒத்துவரும். இடைவெளி விடுவதற்கு உடற்கூறு சார்ந்த காரணமும் இருக்கிறது. கடுமையான பயிற்சிக்குப் பிறகு முதல் ஒரு நாளில் கொலாஜன் உருவாவதைவிடச் சிதைவது அதிகம், அதற்குப் பிறகுதான் உருவாவது முந்துகிறது.

மே 4

அண்ணன் போனில் பேசினார். முழங்கையின் வெளிப்புறத்தில் வலி, திருகாணி முடுக்கும்போது தாங்க முடியவில்லையாம். ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"ஒரு வாரத்துல வலி போயிடும்னு சொல்றாங்கப்பா."

"போயிடும்ணே. அடுத்த வருஷம் எப்படி இருக்கும்னு பாருங்க" என்றேன்.

2013ல் வெளிவந்த ஆய்வு ஒன்றை அவருக்கு விளக்கினேன். முழங்கை வலி உள்ள 165 பேர். நான்கு வாரத்தில் ஊசி போட்டவர்கள் நன்றாக இருந்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 54 சதவீதம் பேருக்கு வலி திரும்பியிருந்தது. மருந்தில்லாத பொய் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் திரும்பியது. எல்லா நாணுக்கும் இதே கணக்கு என்று சொல்லவில்லை. கட்டைவிரல் அடியில் வரும் வலிக்கு ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் முழங்கைக்கு, கையால் பிழைப்பு நடத்துகிற ஒருவருக்கு, நான் முதலில் எடைப் பயிற்சியைத்தான் சொல்வேன். கருவியின் பிடியைத் தடிமனாக்கவும், பொருளைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடிக்கவும் சொல்லியிருக்கிறேன். முடிவு அவருடையது.

ஜூன் 1

காலை இறுக்கம் சில நாள் இல்லவே இல்லை, சில நாள் எட்டிப் பார்க்கிறது. அலுப்பாகத்தான் இருக்கிறது.

டென்மார்க் ஆய்வாளர்கள் 2013ல் கண்டறிந்ததைப் படித்தேன். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் பெருகியது. அப்போது உருவான திசுவில் அது பதிந்திருக்கும், திசு புதுப்பிக்கப்பட்டால் மறைந்துவிடும். அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் குதிகால் நாணில் அதை அளந்தார்கள். வாழ்க்கையின் முதல் 17 ஆண்டுகளில் உருவான நாணின் உட்பகுதி, அதன்பின் ஏறக்குறைய புதுப்பிக்கப்படவே இல்லை. தசை தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கிறது. பதின்ம வயதில் கட்டிய நாண்தான் இன்றும் என்னைச் சுமக்கிறது என்று நினைக்கும்போது, சில மாதப் பொறுமை பெரிதாகத் தெரியவில்லை.

ஜூன் 29

இரண்டு காலில் குதிப்பதில் தொடங்கி ஒற்றைக் காலில் குதிக்கிறேன். மறுநாள் காலை வலி ஒன்றுக்கு மேல் போகவில்லை. நடையும் மெதுவோட்டமும் மாற்றி மாற்றிச் சமதளத்தில் தொடங்க அனுமதி கிடைத்தது. ஒருநாள் விட்டு ஒருநாள்.

பூங்காவில் பந்து விளையாடிய ஒருவர், பின்காலில் யாரோ உதைத்ததுபோல் உணர்ந்து திரும்பிப் பார்த்திருக்கிறார், பின்னால் ஆளே இல்லை. நாண் அறுந்திருந்தது. டப்பென்ற சத்தம், முன்பாதத்தில் எழும்பி நிற்க முடியாமை, இப்படி இருந்தால் நடந்து பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே பயிற்சிக்கு இடமில்லை.

ஆகஸ்ட் 3

இடையில் நடக்காமல் முழுதாக ஓடினேன். இன்று காலை மதிப்பெண் பூஜ்யம். தடிப்பு இன்னும் விரலுக்குத் தெரிகிறது, வலி போன பிறகும் அது நீண்ட காலம் இருக்கலாம் என்றார் பிசியோ. அண்ணன் ஊசியைத் தள்ளிப்போட்டு டம்பெல் தூக்குகிறார், முன்னேற்றம் இருக்கிறது என்கிறார்.

எடைப் பயிற்சி வாரம் இரண்டு நாள் தொடரும். அடுத்த மாதம் தூரத்தைக் கூட்டுவேன். மேட்டுப் பாதை அதற்கும் பிறகு, தூரம் பழகிய பின்புதான்.