ஏற்காட்டிலிருந்து கடலடிக்கு: பயணத்திற்கு முந்தைய நாட்குறிப்புகள்

16 நவம்பர் 2025, ஞாயிறு

காபிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டதால் ஜனவரி முடியும்வரை தோட்டத்தை விட்டு நகர இயலாது. அந்தமானில் கடல் தெளிந்து அமைதியாக இருப்பதும் ஏறத்தாழ ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் என்பதால், கடலுக்குள் மூழ்கிப் பார்க்கும் எங்கள் பயணத்தைப் பிப்ரவரி கடைசி வாரத்தில் வைத்துக்கொண்டோம். நான், மனைவி, சேலத்தில் இருக்கும் தம்பி என மூவர். முதலில் இலட்சத்தீவைத்தான் எண்ணினோம். ஆனால் அங்கே செல்ல இந்தியர்களும் முன்கூட்டியே நுழைவு அனுமதி பெறவேண்டும், அந்தமானின் ஹேவ்லாக்கிற்கும் நீல் தீவிற்கும் அது வேண்டியதில்லை. 2018-இல் அவை சுவராஜ் தீவு, ஷாஹீத் தீவு என்றும், 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் என்றும் பெயர் மாற்றப்பட்டதால், விவரம் தேடும்போது ஒவ்வோர் ஊரையும் இரண்டு பெயர்களில் தேடவேண்டியிருக்கிறது.

7 டிசம்பர் 2025, ஞாயிறு

நீச்சல் பயிற்சிக்காகச் சேலத்திற்கு இறங்கினோம். நானும் தம்பியும் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தக் கற்றவர்கள். தலையை நீருக்கு மேலே தூக்கியே பழகிய எங்களுக்கு, முகத்தை நீரில் கவிழ்த்து வாய்க்குழல் வழியாக நிதானமாக மூச்சுவிடுவது எளிதில் வசப்படவில்லை. கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கை வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால் அது தானாக ஒட்டி நிற்கவேண்டும் என்பதே அளவு பார்க்கும் முறை. தம்பிக்கு நின்றது. எனக்கு மீசைக்கும் ரப்பருக்கும் இடையே நீர் புகுந்துகொண்டே இருந்தது. வாசலைன் தடவிப் பார்க்கலாம் என்கிறார்கள்; மீசையை எடுப்பது பற்றி இன்று யாரும் பேசவில்லை.

மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிப்பதற்குள் வழக்கம்போல் இரண்டு மூன்று முறை காது அடைத்தது. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து சேலம் வரை இறங்கும்போது கூடுகிற காற்றழுத்தத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். கடலில் ஒன்றரை மீட்டர் ஆழத்திற்குக்கூட அது ஈடாகவில்லை. பத்து மீட்டர் ஆழத்திலோ, தரையில் உள்ள அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறக்கும் பழக்கத்தை, வலி தோன்றிய பிறகு அல்ல, ஒவ்வொரு மீட்டருக்கும் முன்னதாகவே செய்யவேண்டும் என்பதன் பொருள் அப்போதுதான் விளங்கியது.

21 டிசம்பர் 2025, ஞாயிறு

காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபாவுக்கு முன் நிரப்பவேண்டிய உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா பற்றிய கேள்வி இருக்கிறது. மனைவிக்குக் குளிர்காலத்தில் இழுப்பு வரும். ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து இழுத்த காற்று, மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரிகிறது. சுருங்கிய மூச்சுக்குழாயில் அது சிக்கிக்கொண்டால் நுரையீரலே கிழியக்கூடும். மருத்துவர் ஸ்கூபா வேண்டாம் என்றும், இன்ஹேலரை அருகில் வைத்துக்கொண்டு ஆழமற்ற அமைதியான நீரில், மேலே மிதந்தபடி வாய்க்குழலால் மூச்சுவிடும் ஸ்நார்க்கெலிங் செய்யலாம் என்றும் சொன்னார். “நீங்க ரெண்டு பேரும் கீழே போங்க, நான் மேலே மிதந்துகிட்டே உங்க குமிழியை எண்ணிட்டு வரேன்” என்று அவள் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவளுக்காக நீல் தீவின் பரத்பூர் கடற்கரைக்கு ஒரு நாள் கூட்டினோம். வற்று நீரில் போனால் பவளத்தின் மேலேயே கால் வைக்க நேரும் என்பதால், ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் நேரம் குறிக்கவேண்டும்.

17 ஜனவரி 2026, சனி

பொங்கல் முடிந்து பயண முகவர் அனுப்பிய திட்டத்தைப் பார்த்தோம். கடைசி நாள் காலையில் நார்த் பே தீவில் டைவிங், பிற்பகலில் சென்னை விமானம் என்று இருந்தது. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் அழுத்தம் குறைந்ததும் கோலி சோடாவைத் திறந்ததுபோல் குமிழிவிடும். ஆகவே ஒரே ஒரு டைவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது. திட்டத்தைத் திருப்பி அனுப்பினேன்.

தம்பி சொன்ன யோசனைதான் இதைவிட நுட்பமான பொறி. புதுச்சேரியில் ஒரு நாள் ஒத்திகை பார்க்கலாம், காலையில் இரண்டு டைவ், மாலையில் காரில் கிளம்பி இரவே மலைக்கு வந்து தூங்கலாம் என்றான். விமானம் இல்லாததால் எங்களில் யாருக்கும் அதில் தவறே தெரியவில்லை. ஆனால் விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 2,400 மீட்டர்வரையிலான உயரத்தின் அழுத்தத்திற்கு ஒப்பானது என்று படித்தபோது, 1,500 மீட்டரில் இருக்கும் எங்கள் வீடு பாதி விமானத்திற்கும் மேல் என்பது உறைத்தது. டைவிங்கில் 300 மீட்டரிலிருந்தே உயரமான இடம் என்று கணக்கு வைக்கிறார்கள். சேலம் நகரம் அதற்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஆகவே இரவு தம்பி வீட்டில் தங்கி, மறுநாள் பொழுது சாய்ந்த பிறகே மலையேறுவது என்று முடிவாயிற்று. அவன் வீட்டில் கொசு அதிகம்.

1 பிப்ரவரி 2026, ஞாயிறு

திட்டம் உறுதியாகிவிட்டது. நான்காம் நாள் காலையில் கடைசி டைவ், அன்று பிற்பகல் ஸ்ரீ விஜயபுரத்திற்குக் கப்பல். ஐந்தாம் நாள் முழுவதும் நீரில் இறங்காமல் செல்லுலார் சிறையைப் பார்ப்பது. ஆறாம் நாள் விமானம். டைவிங் சான்றிதழ் இல்லாத எங்களைப் பயிற்றுநர் 12 மீட்டருக்குக் கீழே அழைத்துச் செல்லமாட்டார்; அதுவே போதும். உதிர்ந்து கிடக்கும் பவளத்தையும் எடுத்துவரக்கூடாது, அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று, அலமாரிக்கு ஒரு துண்டு கேட்ட அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டேன்.

சேலத்திலிருந்து சென்னைக்கு இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ். எங்கள் மலையின் பெயரைச் சுமந்துகொண்டு ஒருநாளும் மலையேறாத அந்த வண்டியில் மூன்று படுக்கைகள் உறுதியாகிவிட்டன.